அவளைக் கராஜில் வைத்தேன்

சாமி,

இந்நேரம் நீங்கள் இலினாயைத் தாண்டியிருப்பீர்கள். டானாவை அடிக்கடி இறக்கி நடக்கவிடு, உட்கார்ந்தே வந்தால் கால் வீங்கும். இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவள் டாக்டரே சொல்லியிருப்பார். ஆனாலும் எழுத உட்கார்ந்ததும் கைக்கு முதலில் வந்தது இதுதான். வேறு எதுவும் வரவில்லை. நேற்று நீ வாட்ஸ்அப்பில் "ரீச்டு ஹோட்டல்" என்று போட்டாய், நான் கட்டைவிரல் போட்டேன். காலையில் "டெலிவரி அங்கேயே வெச்சுக்கலாம்னு டானா சொல்றா" என்று போட்டாய், அதற்கும் கட்டைவிரல் போட்டேன். இதுக்கெல்லாமா கட்டைவிரல் போடுவாங்க என்று உன் அம்மா கேட்டாள். வேறென்ன போடுவது? குழந்தை பிறந்த பிறகாவது இந்த வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்க ஒரு பொம்மை அந்த ஃபோனில் இருக்கிறதா என்ன?

இதைத் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அழுதுகொண்டே படித்த தமிழ் ஒரு மெனு கார்டு படிக்கக்கூட உதவவில்லை என்பாயே, இப்போது உதவட்டும். மெதுவாக எழுத்துக் கூட்டிப் படி, அவசரமில்லை. இங்கிலீஷில் எழுதினால் நான் ஆபீஸ்காரன் ஆகிவிடுவேன். இந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்துகொண்டு மருந்துக் கம்பெனிக்கு எழுதிய மெயில் எல்லாம் அப்படி. "வீ ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்" என்று கை தானாக அடித்துவிடும். அதற்கு மேல் ஒன்றும் வராது.

இன்னொன்று. இந்தக் கடிதம் உனக்கு மட்டும் போகவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை டானாவின் வளைகாப்புக்கு நாம் அழைத்திருந்த அத்தனை வீட்டுக்கும் போகிறது. வியாழக்கிழமை சாயங்காலம் குரூப்பில் "டியூ டு ஹெல்த் ரீசன்ஸ் ஃபங்ஷன் கேன்சல்" என்று போட்டவன் நான்தான். அதிலிருந்து ஃபோன் ஓயவில்லை. டானாவுக்கு என்னாச்சு, குழந்தைக்கு என்னாச்சு, எந்த ஹாஸ்பிடல், சாப்பாடு கொண்டு வரட்டுமா. எடிசனிலிருந்து ஒரு அம்மா கோயிலுக்கே போய் அர்ச்சனை பண்ணிவிட்டு வந்துவிட்டார்கள். நல்லவர்கள், பாவம். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. நடந்ததை உனக்குச் சொல்கிற மாதிரி அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தெரிந்ததையே அப்பா திரும்ப அளக்கிறார் என்று நினைக்காதே. உனக்குத் தெரியாததும் இதில் ஒன்று இருக்கிறது.

டானாவை எல்லோருக்கும் தெரியும். நியூ பிரன்ஸ்விக்கில் நர்ஸ், கலகலப்பானவள், கையால் சாப்பிடுவாள், ரசத்தைக் கிளாஸில் வாங்கிக் குடிப்பாள். அவ்வளவுதான் தெரியும். அவள் பிறந்தது சவுத் டகோட்டாவில். இந்த மண்ணுக்கே சொந்தமான மக்கள் அவர்கள். செவ்விந்தியர் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது மற்றவர்கள் வைத்த பெயர். அவர்கள் என்ன இனம், தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று இங்கே நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்கிற உரிமை இப்போதைக்கு எனக்கு இல்லை. உங்கள் கல்யாணத்தன்று ஒருவர் என் தோளைத் தட்டி, "இண்டியன் பொண்ணுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்களே, கெடச்சிருச்சு பாருங்க" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். என்ன ஜோக் என்று தெரியாமல் டானாவும் மேடையிலிருந்தே எங்களைப் பார்த்துச் சிரித்தாள். யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்லவில்லை.

கல்யாணமான புதிதில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அவர்கள் பிள்ளைகளுக்கென்று நூறு வருஷத்துக்கும் முன்னால் அமெரிக்க அரசாங்கம் நடத்திய பள்ளிக்கூடங்களைப் பற்றி அவள் முதலில் சொன்னாள். அன்றைக்கு அம்மா அரிசிம்பருப்பு சாதம் செய்திருந்தாள். பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து ரயிலேற்றி, நாட்டின் இந்தக் கோடிக்குக் கொண்டு வந்தார்களாம். வந்ததும் முடியை வெட்டினார்கள். போட்டிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெயரை மாற்றினார்கள். வீட்டில் பேசுகிற பேச்சைப் பேசினால் அடித்தார்கள். டானாவின் பாட்டிக்குப் பாட்டியும், அந்தம்மாவின் தங்கையும் ஒரே ரயிலில் வந்தவர்கள். தங்கைக்கு எட்டு வயது. அக்கா பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பினாள். தங்கை திரும்பவில்லை. காய்ச்சலில் போய்விட்டாள் என்று பெற்றவர்களுக்குத் தகவல் வந்ததே அடக்கம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான்.

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? நானும் ஹாஸ்டல்தான் என்றேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டல், வார்டன் பிரம்பால்தான் பேசுவார், அந்தக் கண்டிப்புதான் என்னை ஆளாக்கி அமெரிக்கா வரைக்கும் கொண்டு வந்தது என்றேன். டானா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைப் பார்க்க யாராவது வருவார்களா என்று கேட்டாள். அப்பா வருவார், கட்டுச்சோறும் முறுக்கும் கொண்டு வருவார் என்றேன். எவ்வளவு தூரம் என்றாள். ரெண்டு பஸ் மாற வேண்டும் என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். மருமகளோடு மனம்விட்டுப் பேசினேன் என்று அன்றைக்கு எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அந்தத் தங்கை கிடந்த இடம் பென்சில்வேனியாவில், நம் வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம். பள்ளிக்கூடத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். பிள்ளைகளின் கல்லறைகள் மட்டும் ஒரு வேலிக்குள் வரிசையாக இருக்கின்றன. உன்னைச் சின்ன வயதில் ரோலர் கோஸ்டர் ஏற்றக் கூட்டிப் போனோமே, அந்தப் பக்கம்தான். நாமெல்லாம் கார் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டு போன வழி. பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள், எங்கள் ஊரில் அடக்கம் செய்துகொள்கிறோம் என்று டானாவின் குடும்பம் பல வருஷமாக அரசாங்கத்தைக் கேட்டுக் கேட்டு இந்த அக்டோபரில்தான் அனுமதி கிடைத்தது. எடுத்துப் போக வந்தவர்கள் டானாவின் தாய்மாமன் வெர்னனும் அவர் மனைவியும். டானாவின் அம்மா ஊரிலேயே இருந்து அடக்கத்துக்கான வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லறையிலிருந்து நேரே மேற்கே பார்த்துப் போயிருக்கலாம் அவர்கள். ஆனால் டானாவுக்கு ஏழு மாசம், அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. அவளும் பிள்ளையோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டுமே என்று, அவளுக்காக மட்டும், நேர் எதிர்த் திசையில் நம் வீட்டுக்கு வந்தார்கள். வியாழக்கிழமை ராத்திரி தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. ஊர் போய்ச் சேரும்வரை பிள்ளையைத் தனியாக விடமாட்டோம், யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்போம் என்று வெர்னன் ஃபோனில் சொல்லியிருந்தார். நீ என்னிடம் வந்து, "அப்பா, ஒன் நைட்தான், லிவிங் ரூம்ல வெச்சுக்கலாமா?" என்று கேட்டாய். நீ என்னிடம் எதையும் கேட்டு ரொம்ப வருஷமாயிற்று.

உன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஏனுங்க, வளைகாப்பு வெச்சிருக்கற ஊடுங்க இது. வயித்துப் புள்ளக்காரிய நாம எழவு ஊட்டுப் பக்கமே அனுப்ப மாட்டோம், எலும்ப ஊட்டுக்குள்ள கொண்டாந்து வெக்கறதுங்களா? என்ற மாமனார் அஸ்தியவே உள்ள கொண்டாரலீங்களே!" என்றாள். "உங்களுக்குச் சங்கடமா இருந்தா வுடுங்க, அவங்ககிட்ட முடியாதுன்னு நானே சொல்லிப்போடறேன். திட்டுனா என்னையத் திட்டட்டும்."

அவள் சொன்னதில் பொய்யில்லை. உன் தாத்தா செத்தபோது நான் இங்கிருந்து ஈரோடு போய்ச் சேரும்வரை ஐஸ் பெட்டிக்குள் நடு ஹாலில் அவரை வைத்திருந்தார்கள். ஆனால் சுடுகாட்டிலிருந்து எடுத்து வந்த அஸ்தியைக் கலயத்தில் போட்டு, வாயில் துணி கட்டி, வாசல் தென்னை மரத்தில்தான் கட்டித் தொங்கவிட்டோம். பவானி கூடுதுறையில் கரைக்கும்வரை அது வெளியேதான் இருந்தது. அதில் அவமரியாதை இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அப்படித்தான் செய்வது, அவ்வளவுதான்.

நீ கேட்டதையும் அவள் சொன்னதையும் வைத்துக்கொண்டு, இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று நான் சிரித்தேன். ஆபீஸில் என் பெயரே அதற்குத்தானே. சேல்ஸ்காரனும் லேப்காரனும் முட்டிக்கொண்டு நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ரெண்டு பேரும் ஜெயித்துவிட்டதாக நினைக்கிற மாதிரி ஒரு மெயில் எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவேன். அதே மூளைதான் கராஜ் என்று சொன்னது. வீட்டுக்குள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை. கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, சமையலறையிலிருந்து ஒரு எட்டு வைத்தால் வந்துவிடலாம். நம் ஊர்த் தென்னை மரத்துக்கு இங்கே வேறு என்ன இருக்கிறது சொல்.

வேலையில் நான் குறை வைக்கவில்லை. கார் இரண்டையும் வெளியே எடுத்து நிறுத்தினேன். அரிசி மூட்டை, வெங்காய மூட்டை, செருப்பு ஸ்டாண்டு, உன் பழைய சைக்கிள் எல்லாவற்றையும் பின்பக்க ஷெட்டுக்கு மாற்றினேன். தரையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஜமக்காளம் விரித்தேன். மடக்கு மேசையின் மேல் உன் அம்மாவின் பட்டுச்சேலை ஒன்றை மடித்துப் போட்டேன், அவளேதான் எடுத்துக் கொடுத்தாள். ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடை வரைக்கும் போய்ச் சாமந்திப் பூ வாங்கி வந்தேன். குத்துவிளக்கு வைத்தேன், ஹீட்டர் வைத்தேன். "ஊட்டுக்குள்ள இல்லீன்னா சரி" என்று அம்மா சொல்லிவிட்டாள். நீ வந்து நின்று, "அப்பா, இட்ஸ் எ கராஜ்" என்றாய். "இப்பப் பாரு, கராஜ் மாதிரியாடா இருக்கு? தனி எடம், கூட்டம் வராது, அவங்களுக்கும் ப்ரைவசி" என்றேன். நீ பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. நீ எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை, அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்வதும் எப்போதும் நடப்பதுதான்.

மத்தியானம் வேன் வந்தது. மனைவியோடு வெர்னன் இறங்கினார். கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், உயரமான ஆள், நரைத்த முடியைப் பின்னிப் போட்டிருந்தார். கையில் கம்பளி சுற்றிய மரப்பெட்டி. இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. சீசனில் நாம் வாங்குகிற மாம்பழப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. டானா முன்வாசல் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வெர்னன் அவளைப் பார்த்துத்தான் நடந்தார். நான் குறுக்கே ஓடி, இந்தப் பக்கம், இந்தப் பக்கம், உங்களுக்காக ஸ்பெஷலாக ஏற்பாடு பண்ணியிருக்கிறோம் என்று ரெண்டு கையையும் நீட்டிக் கராஜைக் காட்டினேன். வெர்னன் நின்றார். டானாவைப் பார்த்தார். விளக்கையும் பூவையும் பட்டுச்சேலையையும் பார்த்தார். தாங்க் யூ என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கொண்டு போய் மேசை மேல் வைத்தார். டானா வெளியே வந்து முன்வாசல் கதவைச் சாத்தினாள். வீட்டுக்குள் போய்ச் சமையலறை வழியாக வந்திருந்தால் பக்கம். அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு, புல்தரையைச் சுற்றி நடந்து, மற்றவர்கள் வந்த வழியாகவே அவளும் கராஜுக்குள் வந்தாள்.

பெட்டியில் கை வைத்தபடி அவள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள், அவர்கள் பாஷையில். அவளே பெரியவளான பிறகுதான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டாள் என்று உனக்குத் தெரியும். அம்மா சாப்பாட்டைச் சமையலறைக் கதவு வரைக்கும் கொண்டு வந்து கொடுத்தாள், நான் வாங்கி உள்ளே கொடுத்தேன். அவள் படி தாண்டவில்லை. வெர்னன் தன் தட்டிலிருந்து எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, சின்னத் தட்டு ஒன்றில் போட்டுப் பெட்டிப் பக்கத்தில் வைத்தார். அம்மா கதவிலிருந்து அதைப் பார்த்தாள். "ஏனுங்க, அவங்களும் படைக்கறாங்க" என்றாள் என்னிடம். பிறகு, "அந்தப் புள்ளைக்குக் காரமா இருக்கும்" என்றாள். உள்ளே போய் மிளகாய் போடாமல் தயிர்சாதம் பிசைந்து ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்து நீட்டினாள். வெர்னன் எழுந்து போய் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான். நீ அப்போது வேனுக்குப் பெட்ரோல் போடப் போயிருந்தாய். டானா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தால் நீ இந்நேரம் எனக்கு ஃபோன் பண்ணிக் கத்தியிருப்பாய், அல்லது அப்படி நான் ஆசைப்படுகிறேன். குளிருக்கு ஹீட்டர் போட்டிருக்கிறேன், உங்களுக்கும் பிள்ளைக்கும் கதகதப்பாக இருக்கும் என்றேன் வெர்னனிடம். அதற்கும் தாங்க் யூ சொன்னார். பிறகு பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பள்ளியில் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்ப மாட்டார்களாம். விவசாயிகள் வீடுகளுக்கு வேலைக்கு அனுப்புவார்களாம். இந்தப் பிள்ளையை இதே நியூ ஜெர்சியில் ஒரு பண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிர்காலம் வந்த பிறகும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் படுக்கவிடவில்லை. குதிரை வண்டி நிறுத்துகிற கொட்டகையில் படுக்கை. அங்கே அடுப்பு கிடையாது. பள்ளிக்குத் திரும்பியதும் அக்காவிடம் அவள் சொன்னது அதைத்தான், அக்கா சாகும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

"இங்கே ஹீட்டர் இருக்கிறது, பரவாயில்லை" என்றார் வெர்னன்.

பெட்டியை எடுங்கள், உள்ளே போகலாம் என்று அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். சமையலறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஹால் அங்கிருந்தே தெரிந்தது. உன் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள், நான் சொல்லியிருந்தால் அவள் தடுத்திருக்க மாட்டாள் என்று இப்போது நினைக்கிறேன். நான் என்ன செய்தேன்? குனிந்து ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். டானா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணி வாக்கில் அவள் எழுந்து வெர்னனிடம், இன்றைக்குத் தங்க வேண்டாம் மாமா, இப்போதே கிளம்பலாம், நானும் வருகிறேன் என்றாள். அதற்கப்புறம் நடந்ததில் நீ கூடவே இருந்தாய். அம்மா பதறிப்போய், "ஏழு மாசம் கண்ணு, அத்தன தூரம் கார்லயா?" என்று அவள் தோளைப் பிடித்தாள். டானா அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தனியாக வந்த பிள்ளை, திரும்பிப் போகும்போது கூட ஆட்கள் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். டாக்டருக்கு ஃபோன் போட்டாள். நீ பையை எடுத்து வந்தாய், சாவியை வெர்னனிடமிருந்து வாங்கிக்கொண்டாய். யாரும் கத்தவில்லை, யாரும் கதவை அறையவில்லை. வேனில் ஏறும் முன் டானா என்னைத் திரும்பிப் பார்த்து, "தாங்க் யூ ஃபார் தி ஃப்ளவர்ஸ், அப்பா" என்றாள். சாமந்தியைப் பெட்டிக்கு மேல் வைத்துக் கூடவே கொண்டு போனார்கள்.

வேன் தெருமுனை திரும்பியதும் நான் வழக்கம்போல, "நல்லபடியா முடிஞ்சுது" என்றேன். உன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் வேண்டாம்னு சொன்னேனுங்க. தப்போ சரியோ, வேண்டாம்னுதான் சொன்னேன். அதச் சொல்லியிருந்தா அவங்க வேற எடம் பாத்திருப்பாங்க. ஒரு மோட்டல்லயாச்சும் நாலு செவுத்துக்குள்ள வெச்சிருப்பாங்க அந்தப் புள்ளய. நீங்க வேண்டாங்கறதயே மரியாதயாட்டப் பண்ணிப் போட்டீங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவது சாப்பிட வாங்க, மாத்திரை போட்டீங்களா, இவ்வளவுதான்.

ரெண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் தாத்தாவின் அஸ்தியை வெளியே கட்டினோம், சரி. அதற்கு முன்னால் என்னவெல்லாம் செய்தோம்? சோபாவையும் டிவியையும் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு அவரை நடு ஹாலில் கிடத்தினோம். மேலே விழுந்து அழுதோம். குளிப்பாட்டினோம், வேட்டி கட்டினோம், வாய்க்கரிசி போட்டோம், ஊரே வந்து பார்த்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே. இந்தப் பிள்ளைக்கு அதில் ஒன்றாவது நடந்ததா? பெற்றவள் முகம் பார்க்கவில்லை, வீடு என்று ஒன்றுக்குள் போகவில்லை. இத்தனை காலம் கழித்துச் சொந்தக்காரர்கள் கைக்கு வந்து, முதல் முதலாக ஒரு வீட்டு வாசலுக்கு வருகிறாள். முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் ரத்தம் நிற்கிறது. நான் நடுவில் போய் நிற்கிறேன். டானா வயிற்றில் இருக்கிற நம் பேரப்பிள்ளைக்கு அவள் பாட்டி முறை. எட்டு வயசுப் பாட்டி. அந்நியப் பிணம் என்று நினைத்து நான் சாமர்த்தியம் காட்டியது என் சம்பந்தி வீட்டுப் பிள்ளையிடம்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. யாராவது உன்னிடம் இடம் கேட்டு வந்தால் கொடு. கொடுக்க முடியாதென்றால் முடியாதென்று சொல், திட்டு வாங்கிக்கொள், போகட்டும். நடுவில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்து அதற்குப் பூ வைக்காதே. என் புத்தி உனக்கும் வந்திருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். "இட்ஸ் எ கராஜ்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாயே, அதுவும் ஒரு நடு இடம்தான். டானா முன்வாசலில் நின்றபோது நீ எங்கே நின்றாய்? டிரைவ்வேயில், எனக்கும் அவளுக்கும் நடுவில். வண்டியை நீ ஓட்டிக்கொண்டு போனது நல்லது. ஆனால் அது கடைசியில் நடந்தது. அடுத்த தடவை முதலிலேயே அவள் பக்கத்தில் போய் நில், அப்பன் என்று பார்க்காதே.

குரூப்பில் இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்க செஞ்சது சாஸ்திரப்படி சரிதாங்க என்று ஆறுதல் சொல்ல யாரும் எனக்கு ஃபோன் பண்ண வேண்டாம். சரி தப்பு கேட்டு எழுதவில்லை. ஹெல்த் ரீசன்ஸ் என்று நான் புளுகியதால் உங்கள் மருமகள்களிடமும் பிள்ளைகளிடமும் நீங்கள் அதையே சொல்லியிருப்பீர்கள். இனிமேல் இதைச் சொல்லுங்கள்.

நீ கேட்காவிட்டாலும் வீட்டு நிலவரம் எழுதுகிறேன். வளையல் பெட்டி ஹாலிலேயே இருக்கிறது. கலந்த சாதத்துக்கெல்லாம் சொல்லி வைத்திருந்த கேட்டரிங்காரர் இனி கேன்சல் பண்ண முடியாது என்கிறார், வரட்டும் என்று சொல்லிவிட்டேன். கார்கள் இன்னும் வெளியேதான் நிற்கின்றன. ஜமக்காளத்தை மடிக்கக் கராஜுக்குப் போன அம்மா மடிக்காமலே திரும்பி வந்துவிட்டாள். டானாவின் ரூமில் லைட் எரிகிறது, நீங்கள் அணைக்காமல் போனது, நாங்களும் அணைக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. என் மேல் கோபம்கூடச் சரியாக வரவில்லை. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போய்க் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பல் விளக்குகிறேன்.

வருகிற வியாழக்கிழமை அடக்கம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். நாங்கள் வரலாமா என்று வெர்னனிடம் கேள், டானாவிடமும் கேள். இன்னும் டிக்கெட் போடவில்லை. கேட்காமல் வந்து நிற்க மாட்டோம். பக்கத்தில் விட வேண்டும் என்று கேட்கவில்லை, மண் அள்ளிப் போட வேண்டும் என்றும் கேட்கவில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். ரோட்டோரம் என்றால் ரோட்டோரம். வாடகைக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருங்கள் என்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். வரவே வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், வேண்டாம் என்று மட்டும் எனக்கு எழுது. என்னை மாதிரி மரியாதையாக எழுதாதே.

அப்பா